குவாதலூப் தீவுக்கூட்டம்: ஏழு நாட்களில் ஐந்து தீவுகள் சாத்தியமா?

கேள்வி, 8 அக்டோபர் 2023

வரும் பிப்ரவரியில் நானும் கணவரும் பத்து வயது மகளும் பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் செல்கிறோம். அங்கிருந்து ஒரு வாரம் கரீபியக் கடலில் உள்ள குவாதலூப்புக்குப் போய்வர எண்ணியிருக்கிறோம். வரைபடத்தில் ஐந்து தீவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தீவுக்கு ஒரு நாள், மீதி இரண்டு நாள் ஓய்வு என்பது என் கணக்கு. நடக்காது என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

8 அக்டோபர் 2023, இரவு

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. நான் 2016 ஏப்ரலிலும் 2022 பிப்ரவரியிலும் சென்றுவந்தேன். முதல் பயணத்தில் உங்கள் கணக்கையே நானும் போட்டேன், மூன்றாம் நாளிலேயே அதைக் கிழித்தெறிந்தேன்.

வரைபடத்தில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பாஸ்-தேர், கிராந்த்-தேர் என்னும் இரண்டு பெரிய தீவுகளும் வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளைப் போல ஒட்டிக்கிடக்கின்றன. நடுவில் ஓடும் உப்பாற்றின்மேல் பாலம் இருப்பதால் அவ்விரண்டையும் காரிலேயே சுற்றிவிடலாம். மரி-கலாந்த், லே சேந்த், லா தெசிராத் ஆகியவற்றுக்குப் படகில் செல்ல வேண்டும். அந்தப் படகுகள் உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோலத் தனித்தனித் துறைகளிலிருந்து புறப்படுகின்றன. மரி-கலாந்துக்குப் புவேந்த்-ஆ-பீத்ர் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். லே சேந்துக்குத் தெற்கே துருவா-ரிவியேரிலிருந்து இருபது நிமிடம். லா தெசிராதுக்குக் கிழக்கு முனையில் உள்ள சேன்-பிரான்சுவாவிலிருந்து முக்கால் மணி நேரம். ஒரு விரல் நுனியிலிருந்து மற்றொரு விரல் நுனிக்குச் செல்ல, பெரும்பாலும் உள்ளங்கைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆகவே தீவுக்கு ஒரு நாள் என்றால், அதில் பாதி நாள் துறைமுகத்தில் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே கழியும்.

பெரிய தீவுகள் இரண்டு, சிறிய தீவு ஒன்று அல்லது இரண்டு: ஏழு நாட்களுக்கு இதுவே அளவு. 1946 முதல் குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம், செலாவணி யூரோ. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாகப் பாரிஸுக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே இதற்கும் போதும்.

9 அக்டோபர் 2023, காலை

நேற்று எழுதியதன் கடைசி வரி தவறு, அதுவும் ஆபத்தான தவறு. நான் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் போய்வந்தவன் என்பதால் விசாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. குவாதலூப் பிரான்ஸைச் சேர்ந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லத்தக்க விசாவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். விமானத்தில் ஏற்றும் இடத்திலேயே தடுத்து நிறுத்திவிடுவார்கள். ஓர்லி விமான நிலையத்தில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து என்னைத் திட்டும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

9 அக்டோபர் 2023, மாலை

இன்னொன்றும் இதையொட்டியதே. குவாதலூப்புக்குப் பறந்தால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகக் கணக்காகிறது. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு சென்றால் அக்கா வீட்டுக்குத் திரும்ப முடியாது. அக்காவுக்கு அது நிம்மதியா வருத்தமா என்பதை நான் சொல்வதற்கில்லை.

14 அக்டோபர் 2023

வரைபடத்தை மூடிவைத்துவிட்டுக் காற்றைப் பாருங்கள். இதை எனக்கு யாராவது 2016-இல் சொல்லியிருந்தால் மூன்று நாட்கள் மிஞ்சியிருக்கும்.

அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. நம் மொழியில் கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்று அருமையான பெயர் இருக்கிறது. அதையே இங்கும் பயன்படுத்துகிறேன். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வரும் இந்தக் கொண்டல், தாழ்ந்த சுண்ணாம்புப் பாறைத் தீவாகிய கிராந்த்-தேரின்மேல் பெரிதாகத் தடைபடாமல் கடந்துபோய், 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையும் அதன் சுற்றுமலைகளும் நிற்கும் பாஸ்-தேரில் மோதி மழையாகக் கொட்டுகிறது. அதனால்தான் பாஸ்-தேரில் மழைக்காடும் அருவிகளும் வாழைத் தோட்டங்களும் இருக்கின்றன, கிராந்த்-தேரில் கரும்பும் வெயிலும் வெண்மணலும் இருக்கின்றன. மலைக்கு மேற்கே உள்ள கரை மழைமறைவில் அடங்கிக் கிடக்கிறது. கடலும் அங்கே குளம்போல் இருக்கும்.

ஊர்ப்பெயர்களும் காற்றின்படிதான். பாஸ்-தேர் என்றால் தாழ்நிலம் என்று பொருள். தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த மலை இருக்கும் தீவுக்கு அந்தப் பெயரா என்று விமானத்திலேயே என் மகன் கேட்டான். பழைய மாலுமிகளுக்குக் காற்று வரும் பக்கம் மேல், காற்று போகும் பக்கம் கீழ். காப்பெஸ்தேர் என்னும் ஊர்ப்பெயரும் காற்றை எதிர்கொள்ளும் தலைப்பக்கம் என்பதையே குறிக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கிழக்குக் கரையில் நீந்துவது கடினம், மேற்குக் கரையில் குழந்தைகளை இறக்கலாம். தெற்கே மரி-கலாந்துக்குச் செல்லும் படகு, கொண்டலைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு போகிறது. முதல் பயணத்தில் அந்த ஒரு மணி நேரமும் நான் கடலைப் பார்க்கவே இல்லை, ஒரு காகிதப் பையின் உட்புறத்தை மட்டுமே பார்த்தேன். படகின் முன்பக்கத்தில் காட்சி நன்றாக இருக்கும் என்று ஓடிப்போய் உட்காராதீர்கள். பின்பக்கத்தில், தாழ்தளத்தில், நடுவில் உட்காருங்கள்.

15 அக்டோபர் 2023

மேலே உள்ள குறிப்பை என் மனைவி படித்தார். படகு ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு நான் எண்ணெயில் பொரித்த போக்கித் ரொட்டி இரண்டைத் தின்றதையும் எழுதினால்தான் வரலாறு முழுமை பெறும் என்கிறார். எழுதிவிட்டேன். கொண்டலின்மேல் முழுப் பழியையும் போட்டது நியாயமில்லை.

22 அக்டோபர் 2023

எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் ஏழு இரவும் தங்காதீர்கள். பாஸ்-தேரின் மேற்குக் கரையில் தெஏ அல்லது பூய்யாந்த் பக்கம் நான்கு இரவு, கிராந்த்-தேரின் தென்கரையில் மூன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தொழிற்பேட்டைப் பகுதியில் காலை நேரத்து நெரிசல் சென்னையின் கத்திப்பாராவுக்குச் சளைத்ததன்று. உப்பாற்றைக் கடக்க இருப்பவை இரண்டே பாலங்கள். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அவற்றின் வழியாகப் படகு பிடிக்கச் செல்பவர், படகு போவதைக் கரையிலிருந்து பார்க்கலாம்.

கார் இல்லாமல் முடியாது. பேருந்துகள் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை நம்ப முடியாது. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். வாடகைக் கார்களில் பலவும் கையால் கியர் மாற்றுபவை. பிப்ரவரியில் மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். கோடைக்காலத்து ஐரோப்பாவைப் போல ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு மலைச்சாலையில் மாட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராந்த்-தேருக்குக் குடிநீர் பாஸ்-தேரின் மலைகளிலிருந்து குழாய் வழியாக வருகிறது. குழாய்கள் பழையவை, வழியெங்கும் கசிவு. ஆகவே பகுதி பகுதியாக முறைவைத்து நீரை நிறுத்துகிறார்கள். 2022-இல் நாங்கள் எடுத்த வாடகை வீட்டில் ஒன்றரை நாள் குழாயில் சொட்டு நீர் வரவில்லை. வீட்டுக்காரர் அதை ஒரு செய்தியாகவே கருதவில்லை. மழைக்காட்டுத் தீவில் குடத்தோடு நிற்பது விந்தையாக இருந்தது. வீடு எடுக்கும்போது நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நீர்த்தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

3 நவம்பர் 2023

இன்றைய தேதியில் ஒரு சுவை இருக்கிறது. 1493 நவம்பர் 3 அன்றுதான் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் மரி-கலாந்தில் இறங்கித் தன் கப்பலின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்றோடு 530 ஆண்டுகள். புனிதர் அனைவருக்கும் உரிய திருநாள் நவம்பர் 1 என்பதால் லே சேந்துக்கு அந்தப் பெயர். ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்கள் குவாதலூப்பை அழகிய நீர்களின் தீவு என்று பொருள்படும்படி அழைத்துவந்தார்கள் என்பர். என் ஒன்றரை நாள் அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரிடம் சொல்வது.

11 நவம்பர் 2023

சைவ உணவு கிடைக்குமா என்ற கேள்விக்குக் கிடைக்கும் என்பது சுருக்கமான விடை. விரிவான விடை நம் ஊருக்கே வந்து சேரும்.

அங்கே எந்தச் சிற்றுணவகத்தில் நுழைந்தாலும் பலகையில் கொலொம்போ என்று ஒரு பெயர் இருக்கும். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு ஆகியவற்றை அரைத்த பொடியில் ஆட்டிறைச்சியையோ கோழியையோ காய்களையோ வேகவைத்த உணவு அது. இலங்கைத் தலைநகரின் பெயரால் வந்தது என்று சிலர் விளக்குவார்கள். ஒருமுறை வாயில் வைத்தவுடனே எனக்குச் சந்தேகம் தீர்ந்தது: குழம்பு என்பதைத் தவிர அது வேறொன்றாக இருக்க முடியாது. சந்தையில் பாகற்காயைப் பரோக்கா என்று விற்கிறார்கள். கிறிஸ்தோஃபின் என்று அச்சமூட்டும் பெயரில் இருப்பது நம் சௌசௌ. அதை வேகவைத்துப் பாலாடைக்கட்டி தூவிச் சுட்டுத் தருகிறார்கள், உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். பூசணிக்காய் வடை போன்ற அக்ரா, ஈரப்பலா, வாழைக்காய் எல்லாம் உண்டு. ஆனால் காய்க்குழம்பு என்று கேட்டு வாங்கியதிலும் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு மிதக்கக் கண்டிருக்கிறேன். இறைச்சி வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் பன்றி, மீன், கோழி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காப்பெஸ்தேரில் பெருஞ்சாலையின் ஓரத்திலேயே, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவரின் வழிவந்தோர் வழிபடும் ஷான்ஜி கோயில் இருக்கிறது. வண்ணவண்ணச் சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரம், பின்னால் வாழைத் தோட்டம். அம்மனை மலியேமேன் என்கிறார்கள், மாரியம்மன்தான். நாகூர் மீரானும் நாகுமிலா என்ற பெயரில் அங்கே வழிபாடு பெறுகிறார். எங்கள் குடும்பத்துக்குக் காரைக்கால்தான் பூர்வீகம், ஆதலால் அந்தப் பெயரைக் கேட்டபோது என் அம்மா அழுதுவிட்டார். நான் அழவில்லை, காருக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்குள்ள பெரியவர்கள் தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். பேச்சுமொழியாகத் தமிழ் அங்கே மறைந்துவிட்டது. பூசைப் பாடல்களில் செவிவழியாக மட்டும் தங்கியிருக்கிறது. பாடுபவருக்கும் எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரியாது, கேட்கும் நமக்கும் பாதி புரியாது. நான் முதல் முறை அங்கே ஒரு முதியவரின் உச்சரிப்பைத் திருத்தப் போனேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

12 நவம்பர் 2023

ஒரு திருத்தம். காப்பெஸ்தேர் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. கோயில் இருப்பது பாஸ்-தேர் தீவில் உள்ள காப்பெஸ்தேர்-பெல்-ஓவில். மரி-கலாந்திலும் ஒரு காப்பெஸ்தேர் உண்டு, அங்கே இருப்பது அழகான கடற்கரை. வழிகாட்டிக் கருவியில் பெயரை முழுதாகத் தட்டுங்கள். இல்லையென்றால் அது உங்களைக் கடலுக்குள் திரும்பச் சொல்லும்.

கோயிலுக்குப் போகும் நாளிலேயே கார்பே அருவிகளையும் பார்த்துவிடலாம், இரண்டும் ஒரே பக்கம். மூன்று அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர் உயரம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து இருபது நிமிட நடைதான், குழந்தைகளும் நடக்கலாம். எரிமலை உச்சிக்கு ஏறுவதைப் பத்து வயதுப் பிள்ளையோடு நான் பரிந்துரைக்க மாட்டேன். 1976-இல் அது சீறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊரைக் காலிசெய்ய வைத்தார்கள். இன்றும் உச்சியில் கந்தக வாயு வெளியேறும் வாய்களின் அருகே செல்லத் தடை இருக்கிறது. போதாக்குறைக்கு, ஏறிப் போனால் பெரும்பாலும் மேகத்தின் உட்புறம்தான் தெரியும்.

26 நவம்பர் 2023

அஞ்ச வேண்டியவை எவை என்று கேட்டீர்கள். நச்சுப் பாம்பு இல்லை, நச்சுப் பூச்சியும் பெரிதாக இல்லை. ஒரு மரம் இருக்கிறது. கடற்கரையோரம் வளரும் மான்செனியே என்னும் அந்த மரத்தின் பாலும் பச்சை ஆப்பிளைப் போன்ற பழமும் கடும் நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே தோல் வெந்து கொப்புளிக்கும். அடிமரத்தில் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல. மகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

அடுத்தது சர்காசம் என்னும் பழுப்பு நிறக் கடற்பாசி. 2011 முதல் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக வந்து ஒதுங்கி அழுகி, முட்டை அழுகிய நாற்றமுள்ள வாயுவை விடுகிறது. கரையோர வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிகளைக்கூட அது அரித்துவிடுகிறது. 2016 ஏப்ரலில் நாங்கள் கிழக்குக் கரையில் வீடு எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தோம். இதுவும் கொண்டலின் வேலையே. பாசி அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது, காற்றுமுகக் கரைகளில் சேர்கிறது. மேற்குக் கரையில் உள்ள தெஏயும் மலாந்துய்ரும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெக்கோன் என்னும் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள். பாஸ்-தேரின் தெற்கு மண்ணில் அது நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். ஒரு வாரப் பயணிக்குப் பெரிய கேடில்லை. ஆனாலும் சாலையோரத்தில் விற்கும் கிழங்கு வகைகளை எங்கே விளைந்தவை என்று கேட்டு வாங்குங்கள். கோயிலின் பின்னால் வாழைத் தோட்டம் அழகு என்று முன்பு எழுதினேன். அந்தத் தோட்டங்களில் உழைத்துப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் இன்றும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். அழகு என்ற சொல்லோடு இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

24 டிசம்பர் 2023

169 ஆண்டுகளுக்கு முன்பு, 1854-இல் இதே நாளில் ஓரேலி என்னும் கப்பல் முதல் இந்தியக் கூலிகளைப் புவேந்த்-ஆ-பீத்ரில் இறக்கியது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களை நாடினார்கள், பின்னர் கல்கத்தாவையும். 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு சென்றார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று காப்பெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923-இல்தான் முடிந்தது.

கோயிலுக்கும் அருவிக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தால், புவேந்த்-ஆ-பீத்ரில் 2015-இல் திறக்கப்பட்ட அடிமை வரலாற்று நினைவகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அது பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்திலேயே எழுப்பப்பட்டது. நம் கதையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், நமக்கு முன்னால் அதே வயலில் சங்கிலியோடு நின்றவர்களைப் பார்க்காமல் வந்ததாகும். 2016-இல் நான் அப்படித்தான் வந்தேன்.

5 ஜனவரி 2024

நீங்கள் அனுப்பிய தேதிகளை இப்போதுதான் கவனித்தேன்: பிப்ரவரி 10 முதல் 17 வரை. கார்னிவல் திருவிழாவின் உச்சம் அதே வாரம்தான். 12, 13, 14 ஆகிய மூன்று நாட்களிலும் பல கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும், ஊர்வலம் செல்லும் சாலைகளை அடைத்துவிடுவார்கள். 14 அன்று எல்லோரும் கறுப்பும் வெள்ளையும் உடுத்தி, வவால் என்னும் கொடும்பாவியை எரித்து அழுது வழியனுப்புவார்கள். தேதியை மாற்றாதீர்கள், திட்டத்தை மாற்றுங்கள்: அரிசி, பால் எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிக்கொள்ளுங்கள், செவ்வாயன்று எந்தப் படகும் பிடிக்க முயலாமல் ஊர்வலத்தைப் பாருங்கள். விலைகளைக் கண்டு திகைக்காதீர்கள். பெரும்பாலான பொருள்கள் கடல்வழி வருவன, வந்திறங்கும்போது தனி வரியும் உண்டு. விலைவாசியை எதிர்த்து 2009-இல் தீவு முழுவதும் 44 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது.

லே சேந்தில் தேர்-தெ-ஓ தீவுக்கு வெள்ளியன்று முதல் படகில் செல்லுங்கள். நெப்போலியன் கோட்டை காலையில் மட்டுமே திறந்திருக்கும். துறையில் இறங்கியவுடன் கூடையில் விற்கும் தேங்காய்ப் பூரணப் பணியாரத்தை வாங்குங்கள். காதலின் வேதனை என்று அதற்குப் பெயர். திரும்பும்போது தீர்ந்துபோயிருக்கும்.

25 பிப்ரவரி 2024

நலமாகத் திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தில் நான்கு தீவுகளைப் பார்த்துவிட்டீர்கள்: என் கணக்கின் உச்சம் அது, உங்கள் கணக்குக்கு ஒன்று குறைவு. லா தெசிராதை விட்டதற்கு வருந்த வேண்டாம், நானும் அதை இன்னும் பார்த்ததில்லை. இத்தனை நாள் அதைச் சொல்லாமலேயே படகு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மரி-கலாந்துக்குச் சென்ற அன்று கொண்டல் அடங்கிக் கடல் தட்டுப்போல் இருந்ததாம். மகள் முன்பக்கத்தில் நின்று பறக்கும் மீன்களை எண்ணிக்கொண்டே போயிருக்கிறாள். என் எச்சரிக்கையை நம்பி மாத்திரை விழுங்கிய கணவர் மட்டும் பின்பக்கத்தில், தாழ்தளத்தில், நடுவில் உட்கார்ந்து வழி நெடுகத் தூங்கினாராம். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.